ஊர் மாப்பிள்ளையின் துண்டு

எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் போன மாப்பிள்ளை ஆடைதாங்கி ஊருக்குத் திரும்பி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அன்றைக்குக் குழாயில் தண்ணீர் விடும் முறை. ஊரில் பாதிப் பேர் குடங்களோடு நின்றிருந்ததால், ஊருணிக் கரை வழியாக நடந்து வந்தவரை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இடுப்பில் ஒரு வேட்டி, காதில் கடுக்கன், பக்கவாட்டில் சரிந்த கொண்டை, தோளில் ஒன்றுமில்லை. டீக்கடை வாசலில் நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கிடைக்குமா என்று கேட்டார். பாக்கெட்டில் அடைத்ததுதான் இருக்கிறது என்றார் கடைக்காரர் சின்னையா. வந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினார். திரும்பியதும் முதுகு தெரிந்தது. சின்னையா கொதிக்கிற பாலை அடுப்பிலேயே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, "வாங்க மாப்பிள்ளை" என்றார்.

முதுகைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்வது ஆடைதாங்கிக்காரர்களுக்குக் கஷ்டமில்லை, ஏனென்றால் அவரிடம் அவர்களுக்குத் தெரிந்தது அந்த முதுகு மட்டும்தான். ஊருணி மண்டபத்துத் தூணில், ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிற ஒரு மனிதனைப் பின்புறமாகச் செதுக்கிவைத்த சிற்பி, வலது தோள்பட்டைக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மச்சத்தையும் மறக்காமல் வைத்திருந்தான். ஊர்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகத் தொட்டுத் தொட்டு அந்த மச்சம் வழுவழுப்பாகிவிட்டிருந்தது. சுண்ணாம்பு கேட்டு வந்தவருடைய மச்சமும் வழுவழுப்பாகவே இருந்தது.

கதை இதுதான். பாண்டியர் ஆட்சி மறுபடி தழைத்துக்கொண்டிருந்த காலத்தில் வெற்றிலை வணிகன் ஒருவன் இந்த ஊரில் பெண் எடுத்தான். கல்யாணம் முடிந்து பெண்ணை அழைத்துக்கொண்டு ஊர் எல்லைக்கு வந்தவன், ஊருணியின் மேல்படியில் தன் மேல்துண்டை விரித்துப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் நடந்து போனான். துண்டு போட்ட இடம் துண்டுக்காரனுடையது. அது அன்றைக்கும் சட்டம், இன்றைக்குப் பேருந்திலும் பந்தியிலும் அதுவே சட்டம். அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதே என்று அவள் பக்கத்தில் நின்றாள். வெயில் வந்தது, நின்றாள். மழை வந்தது, நின்றாள். கூட விளையாடியவர்கள் இடுப்பில் பிள்ளையோடு தண்ணீருக்கு வந்தார்கள், நின்றாள். அவளைப் பெற்ற தகப்பன் வந்து பார்த்துக் கண் கலங்கி வாழ்த்திவிட்டுப் போனான், அப்போதும் நின்றாள். பாண்டிய மன்னனே அந்தப் படியில் கால் கழுவ வந்தபோது, 'இது ஒருவருடைய இடம்' என்றாள். மன்னன் தன் மேலாடையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அடுத்த படித்துறைக்குப் போனான். நின்று நின்று அவள் கல்லானாள். கல்லுக்கு நின்றாள் அம்மன் என்றும், ஊருக்கு ஆடைதாங்கி என்றும் பெயர் வந்தன. அதற்கு முன்னால் அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்பதைக் கதையைப் பாட்டாக எழுதிய புலவர் சொல்லவில்லை. யாப்புக்கு இடைஞ்சலாக இருந்திருக்கலாம்.

இந்தக் கதையின் பொருளை எடுத்துச் சொல்லாமல் ஆடைதாங்கியில் தாலி ஏறாது. மணையில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை எழுந்து, தன் துண்டை மணைமேல் போட்டுவிட்டு மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவான். அதுவரை பெண் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த நேரத்துக்குள் ஒருவர் ஒலிபெருக்கியில் கதையின் பொருளைச் சொல்லி முடிக்க வேண்டும். முப்பது வருஷமாக அந்த ஒருவர் புலவர் வயிரவன்.

வயிரவன் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கதைக்கு ஒரே பொருள்தான் இருக்க முடியும் என்பதை அவர் நம்பியதில்லை. நம்பினால் இரண்டாவது கல்யாணத்தில் என்ன பேசுவது? வியாபாரிகள் வீட்டுக் கல்யாணத்தில் துண்டு என்பது நாணயம். அரசாங்க உத்தியோகஸ்தர் வீட்டில் துண்டு கடமை. சைவர் வீட்டில் துண்டு உயிர், போட்டுவிட்டுப் போனவன் இறைவன். கட்சிக்காரர் வீட்டில் துண்டு தமிழ்ப் பண்பாடு, அதன் கரை என்ன நிறம் என்பது அந்த வருஷத்துக் கூட்டணியைப் பொறுத்தது. காதலித்து மணந்தவர்களுக்கோ, நிற்கும்படி அவளை யாரும் சொல்லவில்லை, அவளாகவே நின்றாள், அதற்குப் பெயர்தான் சுதந்திரம் என்பார். பெண்ணின் தோழிகள் கைதட்டுவார்கள். எந்த வழியில் போனாலும் எல்லாப் பொருளும் கடைசியில் ஒரே படித்துறையில் வந்து இறங்கும்: போனவன் சோதித்தான், நின்றவள் வென்றாள். தகப்பன் வந்து வாழ்த்திவிட்டுப் போன அடியைச் சொல்லும்போது மட்டும் வயிரவனுக்குக் குரல் தழுதழுக்கும். மண்டபத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

அவருடைய சொந்தக் கூடத்தில் ஒரு நாற்காலி இருந்தது. அதன் முதுகில் ஒரு நீலக்கரைத் துண்டு கிடந்தது. மருமகன் கதிரேசன் மஸ்கட்டுக்குக் கிளம்பிய அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, துண்டைப் போட்டபடியே எழுந்து போனான். முதலில் வாரத்துக்கு ஒருமுறை போனில் பேசினான், பிறகு பண்டிகைக்குப் பேசினான், பிறகு நம்பரை மாற்றிவிட்டான். மஸ்கட்டில் அவனுக்கு வேறு குடும்பம் இருக்கிறது என்று வந்தவர்கள் சொன்னார்கள், இல்லை என்று போனவர்கள் சொன்னார்கள். இத்தனை வருஷமாக அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் பாயில் உட்கார்வார்கள். மகள் உமையாள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மெடிக்கல் கடையில் வேலை பார்த்தாள். ஊரில் அவளுக்கு நல்ல பெயர். நிற்கிறாள் பாருங்கள், என்று சொன்னார்கள்.

உமையாள் விவாகரத்துக் கேட்டு மனுப் போட்டது அவளுடைய பெற்றோருக்கும் வக்கீல் ஜெபமணிக்கும் மட்டும் தெரியும். மனுவோடு சேர்த்துக் குடும்பத்திலிருந்து ஒருவர் வந்து சாட்சி சொன்னால் காரியம் முடியும் என்றார் ஜெபமணி. அம்மா அழகம்மை உடனே புறப்படத் தயார்தான், ஆனால் அவள் கூண்டில் ஏறினால் கதிரேசனின் பாட்டனாரிலிருந்து தொடங்கி எல்லோரையும் ஏசுவாள், வழக்கு அந்தத் தலைமுறையைத் தாண்டாது. எனவே அப்பாதான்.

"பெருசா ஒண்ணும் சொல்ல வேணாம்ப்பா" என்றாள் உமையாள். "போயிட்டாரு, இனி வரமாட்டாரு. அவ்வளவுதான்."

"வரமாட்டாருன்னு நானே சொன்னா, முப்பது வருஷமா மைக்குல சொன்னதுக்கெல்லாம் என்னத்தா அர்த்தம்?"

"அதத்தான்ப்பா நானும் கேக்குறேன்."

வயிரவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விஷயம் அந்த நிலையில் இருந்தபோதுதான், சுண்ணாம்பு கேட்டுக்கொண்டு மாப்பிள்ளை வந்து சேர்ந்தார்.

இத்தனை காலம் எப்படி உயிரோடு இருந்தார் என்று அவரை யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை வந்து வாசலில் நிற்கும்போது கேட்கிற கேள்வியா அது? கதையில் இருந்தவரை 'அவன்' என்று சொல்லப்பட்டவர், வந்த நிமிஷத்திலிருந்து 'அவுக' ஆனார். அவருடைய மனைவி இந்த ஊர்ப் பெண் என்பதால் ஊரே பெண்வீடு, ஊரே மாமனார். எண்ணூறு வருஷத்துத் தீபாவளிச் சீர் பாக்கி இருக்கிறதே என்பதுதான் அத்தனை பேருக்கும் முதலில் தோன்றிய கவலை. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை அறை எப்போதும் தயாராக இருக்கும் என்பதால் அதிலேயே தங்கவைத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் வரவேற்பு பேனர் கட்டினார்கள். அவசரத்தில் தூணிலிருந்த முதுகையே படம் எடுத்துப் போட்டுவிட்டதால், வருக வருக என்ற எழுத்துக்கு அடியில் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். ஆதார் அட்டை எடுக்க வந்தவர்கள் பிறந்த தேதி என்ன என்று கேட்க, மாப்பிள்ளை தெரியாது என்றார்; ஜனவரி ஒன்று என்று போட்டுக்கொண்டார்கள், ஊரில் பாதிப் பேருக்கு அதுதான். விருந்து வீட்டுக்கு வீடு முறை வைத்து நடந்தது. கோழி, கவுதாரி, வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம் எல்லாம் வந்தன. அவர் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை சரியில்லை என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டு மாமனார்கள் தலைகுனிந்தார்கள்.

ஊர்த் தலைவர், அம்பலகாரர் நல்லதம்பி, முதல் நாளே புலவர் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருந்தார். அவுக அந்தக் காலத்துச் செந்தமிழில்தான் பேசுவாக, நமக்கு விளங்காது, புலவர் பக்கத்தில் இருந்து பொருள் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. வயிரவன் குளித்து, திருநீறு பூசி, பழைய இலக்கணங்களை ஒருமுறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு போனார். மாப்பிள்ளை கட்டிலில் படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல சுத்துறது கடகடங்குது" என்றார். "நிப்பாட்டச் சொல்லுய்யா."

அம்பலகாரர் வயிரவனைப் பார்த்தார். அந்தப் பேச்சுக்கு உரை ஏதும் தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஊருணி மண்டபத்தில் பாராட்டு விழா. மாப்பிள்ளைக்கு ஒவ்வொரு சங்கமும் பொன்னாடை போர்த்தியது. அவர் ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, மடித்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு வயிரவன் எழுந்தார். ஒரு நூலுக்கு உரை சொல்கிறவனுக்கு, அந்த நூலிலிருந்து ஒருவர் எழுந்து வந்து முன்வரிசையில் உட்கார்வதைவிடப் பெரிய பேறு கிடையாது என்று தொடங்கினார். சொல்லும்போதே, அதைவிடப் பெரிய ஆபத்தும் கிடையாது என்று அவருக்குப் பட்டது, ஆனால் அதற்குள் கைதட்டிவிட்டார்கள்.

"மாப்பிள்ளை, ஊர் சார்பா ஒரே ஒரு கேள்வி. அன்னைக்குத் துண்டை எதுக்காகப் படியில போட்டீக?"

"வேர்த்துச்சு."

"அதாவது..."

"அதாவது என்ன? சித்திரை மாசம். வேர்த்துச்சு. எடுத்துப் போட்டேன்."

"அப்புறம் ஒரு வார்த்தை சொல்லாமப் போனீகளே. அதுல ஒரு கருத்து இருந்திருக்கும்."

"கொடிக்கால்காரன் ஒருத்தன் அந்தப் பக்கம் போனான். வெத்தல வெலையைப் பத்திப் பேசிக்கிட்டே நடந்தோம். பேச்சு சொகத்துல தொண்டி வரைக்கும் போயாச்சு. அங்க ஒரு கப்பல் நின்னுச்சு."

மண்டபத்தில் ஒரு குழந்தை பலூனைத் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"இப்ப வந்திருக்கீகளே" என்றார் வயிரவன், குரலைச் சரிசெய்துகொண்டு. "எதுக்காக?"

"துண்டு எடுக்க. அது நல்ல துண்டுய்யா." பக்கத்திலிருந்த பொன்னாடைக் குவியலைக் காட்டினார். "இதெல்லாம் துணியா?"

அம்பலகாரர் அவசரமாக எழுந்து, மாப்பிள்ளையைக் கைத்தாங்கலாக மேல்படிக்கு அழைத்துப் போய், மஞ்சள் பூசிய அம்மன் முன்னால் நிறுத்தினார். மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்தார். "இது யாரு?" என்றார்.

"உங்க வீட்டுக்காரவுக."

"இம்புட்டு உசரமாவா இருந்தா?" என்றவர், குனிந்து, அம்மன் காலடியில் ஊரார் கண்ணாடி போட்டுக் காத்துவந்த அந்தப் பழைய துண்டைத் தேட ஆரம்பித்தார்.

வயிரவன் ஒலிபெருக்கியைப் பிடித்தபடி நின்றார். தாம் கல்யாணத்துக்குக் கல்யாணம் கட்டிய பொருள்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிவதை இதோ ஊர் பார்க்கப்போகிறது, கல் எடுத்து எறியப்போகிறது என்று அவர் எதிர்பார்த்தார். அவர் ஊரைக் குறைத்து எடைபோட்டிருந்தார். அம்பலகாரர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, கண்ணில் நீர் மல்க, "பாத்தீகளா" என்றார், "இன்னும் எப்படிச் சோதிக்கிறாக!"

கூட்டத்துக்கு மூச்சு வந்தது. சோதனைதான், வேறென்ன. முன்னே அவளைச் சோதித்தார், இப்போது ஊரைச் சோதிக்கிறார். வேர்த்தது என்று சொன்னால் இவர்கள் நம்பிவிடுகிறார்களா பார்ப்போம் என்று சோதிக்கிறார். நம்புவதற்கு ஆடைதாங்கிக்காரர்கள் என்ன ஏமாளிகளா? பெண்கள் குலவையிட்டார்கள். புலவரின் உரை அருமையாக இருந்தது என்று ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

துண்டை மட்டும் கொடுக்க முடியவில்லை. கொடுத்துவிட்டால், அம்மன் எதற்காக நிற்கிறாள் என்று யாராவது கேட்டுவிடுவார்கள். எடுத்த எடுப்பில் மாப்பிள்ளையிடம் இல்லை என்று சொல்வதும் மரியாதை இல்லை. மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம், உத்தரவு வரட்டும் என்றார்கள். மாப்பிள்ளை சரி என்று சொல்லி, மேல்படியில் அம்மனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். காலையில் வந்து உட்கார்வார், விருந்துக்குப் போவார், விருந்து முடிந்து வந்து உட்கார்வார், வெயில் ஏறினால் குடை பிடித்தார்கள், மழை தூறினால் தகரம் போட்டார்கள், கொசுவுக்குச் சுருள் ஏற்றிவைத்தார்கள்.

ஒரு மாதம் ஆவதற்குள் ஊர் பேசத் தொடங்கிவிட்டது. எவ்வளவு பொறுமை பாருங்கள். ஆண்பிள்ளை, எத்தனை வேலை இருக்கும், ஒரு துண்டுக்காக இப்படி உட்கார்ந்திருக்கிறார். மாமியார்கள் மருமகள்களை அழைத்துவந்து காட்டினார்கள். முன்கோபக்காரப் புருஷன்மாரை அவர் முன்னால் உட்காரவைத்தால் அடங்கிவிடுகிறார்கள் என்று செய்தி பரவி, வெளியூரிலிருந்து வேன்கள் வந்தன. அவளாவது பெண், நிற்பது பழக்கம்தான், என்று யாரோ சொன்னார்கள். அதை இன்னொருவர் கொஞ்சம் நல்ல தமிழில் சொன்னார். கடைசியில், உட்கார்ந்த கோலத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு சிலை வைப்பது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. இந்தத் தடவை முகத்தையும் செதுக்க வேண்டும் என்று சிற்பிக்குச் சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரத்தில் ஒரு முற்பகல், வயிரவன் ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்க மெடிக்கல் கடைக்குப் போனபோது, மாப்பிள்ளை அங்கே கண்ணாடிப் பெட்டிமேல் முழங்கையை ஊன்றி நின்றிருந்தார். விருந்து செரிக்கவில்லை. உமையாள் ரோஸ் நிற மருந்துப் புட்டியை எடுத்து வைத்தாள்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றாள்.

"கேளு."

"அவுக பேரு என்ன?"

மாப்பிள்ளை வெற்றிலையைக் கன்னத்தின் மறுபக்கத்துக்குத் தள்ளினார். "வாயிலயே நிக்குது. வரும்."

"சரி, அவுக என்ன ஆனாகன்னு எப்பவாச்சும் நெனைச்சீகளா?"

"நெனைக்காம இருப்பனா? ஒருநா கப்பல்ல நெனைச்சேன். யாராச்சும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாகன்னு நெனைச்சேன். அவ வீடு இந்தா இருக்கு, கூப்புடு தூரம். அப்பன் இருக்கான், ஆத்தா இருக்கா, இத்தனை சனம் இருக்கு." மூடியைத் திறந்து மருந்தை மோந்து பார்த்தார். "ஒரு புள்ளைய வெயில்ல நிக்கவிட்டுட்டு ஊரே பாட்டுப் பாடிக்கிட்டு இருக்கும்னு நான் கனாவா கண்டேன்? இது இனிக்குமா, கசக்குமா?"

"இனிக்கும். சாப்பாட்டுக்குப் பின்னாடி ரெண்டு மூடி."

மாப்பிள்ளை கையில் புட்டியோடு வெயிலில் இறங்கிப் போனார். உமையாள் அப்பாவின் மாத்திரைப் பட்டையைத் தாளில் சுற்றி நீட்டினாள். "காலையில ஒண்ணுப்பா" என்றாள். வயிரவன் தெருவில் நடக்கும்போது, அந்தத் தகப்பன் வாழ்த்திவிட்டுப் போன அடி தானாக நாக்கில் வந்தது. எத்தனையோ மண்டபங்களில் குரல் தழுதழுக்கச் சொன்ன அடி. 'போனான்' என்று அது முடிகிறது என்பதை அவர் அன்றைக்குத்தான் கேட்டார். கணவன் போனதற்குப் பத்துப் பொருள் சொல்லியிருந்தார், மனைவி நின்றதற்குப் பத்துப் பொருள் சொல்லியிருந்தார். இந்தத் தகப்பன் எதற்காகப் போனான், இவனுக்கு என்ன, வீடு கூப்பிடு தூரம்தானே, கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போவதற்கென்ன?

வீட்டில் அழகம்மை சோற்றுப் பானையை வடிக்கப்போகிற நேரம். பிடிதுணியைக் காணோம். கொதிக்கிற பானையைப் பார்த்தாள், கூடத்தைப் பார்த்தாள், நேராக வந்து நாற்காலி முதுகிலிருந்த நீலக்கரைத் துண்டை உருவிக்கொண்டு போய், இரண்டாக மடித்துப் பானையின் கழுத்தைப் பிடித்துச் சாய்த்தாள். கஞ்சி வடிகிற சத்தம் கேட்டது.

"அழகு" என்றார் வயிரவன், "அது..."

"துணிதானே" என்றாள் அவள், நிமிராமல். "மொத்தமா இருக்கு, கை சுடலை. இத்தனை நாளா தெரியாமப் போச்சு."

மத்தியானம் கடையிலிருந்து வந்த உமையாள் கூடத்துக்குள் வந்து நின்று, வெறும் நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதில் உட்கார்ந்து காலை நீட்டி, சாப்பாடு ஆயிருச்சா என்று கேட்டாள்.

கோர்ட்டில் சாட்சிக்குத் தேதி கொடுத்தார்கள். மாப்பிள்ளை சிலைக்குக் கால்கோள் விழாவுக்கும் ஜோசியர் தேதி கொடுத்தார். இரண்டும் ஒரே நாள், ஒரே காலை. அம்பலகாரர் வெற்றிலைத் தட்டோடு வந்து பாயில் உட்கார்ந்தார்; நாற்காலி காலியாக இருந்தும் அவருக்குப் பழக்கம் பாய்தான்.

"புலவரே, பொண்ணுக பொறுமைக்கு எங்க பார்த்தாலும் பொருள் கெடக்கு. ஆம்பளை பொறுமைக்கு இதுவரைக்கும் யாரும் ஒரு நல்ல பொருள் செஞ்சு வைக்கலை. நீங்கதான் செஞ்சு குடுக்கணும். நீங்க இல்லாட்டி விழா கிடையாது."

"அன்னைக்கு எனக்கு ஒரு சோலி இருக்கே."

"உங்களுக்கா?" என்று அம்பலகாரர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

வயிரவனுடைய சங்கடம், பொருள் கிடைக்கவில்லை என்பதல்ல, கிடைத்துவிட்டது என்பதுதான். அம்பலகாரர் பேசிக்கொண்டிருக்கும்போதே அது உள்ளே தானாகத் திரண்டுகொண்டிருந்தது: நிற்பது உடலின் பொறுமை, உட்கார்வது உள்ளத்தின் பொறுமை, நின்றவளுக்கு நடக்க வழி இருந்தது, உட்கார்ந்தவனோ நடப்பதையே துறந்தான். இதற்கு மண்டபம் எழுந்து நின்று கைதட்டும். மோனை கூட அமைந்திருந்தது. இரண்டு நாள் அதைச் சொல்லிப் பார்த்து, ஓரிடத்தில் ஒரு சீரை மாற்றினார், மாற்றியதும் இன்னும் நன்றாக ஆகிவிட்டது. மூன்றாம் நாள் காலையில், கட்டுவதற்கு எடுத்துவைத்த பட்டுக்கரை வேட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, வெறும் நாலுமுழ வேட்டியைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அம்பலகாரர் அனுப்பிய கார் மாலையோடு நின்றிருந்தது. டிரைவர் கதவைத் திறந்துவிட்டான். வயிரவன் அவனிடம், "சின்னையாவைப் பேசச் சொல்லு, அவருதான் முதல்ல பார்த்தவரு" என்று சொல்லிவிட்டு, உமையாளோடு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

பேருந்தில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, அடிக்குரலில் மறுபடி பாடம் சொல்லிக்கொடுத்தாள். "வேற எதுவும் வேணாம்ப்பா. மேற்கோள் வேணாம். போயிட்டாரு, இனி வரமாட்டாரு."

"ம்."

"சொல்லிப் பாருங்க."

"போயிட்டாரு" என்றார் வயிரவன். அடுத்ததைச் சொல்வதற்குள் நடத்துநர் வந்துவிட்டார்.

சங்கடம் அங்கேதான் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் கோர்ட்டில் கேட்டிருந்தால், சொல்லக் கூடாது என்று மறுத்திருப்பார், அவ்வளவுதான். 'இனி வரமாட்டாரு' என்பது அன்றைக்குப் பொய்யாக இருந்திருக்காது. இப்போது சொல்லத் தயார், ஆனால் எப்படிச் சொல்வது? எண்ணூறு வருஷம் கழித்து ஒருவன் வந்து சுண்ணாம்பு கேட்டதை ஊரே பார்த்தது. அவனுக்கு மருந்து கொடுத்ததே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இந்தப் பெண்தான். வயிரவன் முப்பது வருஷமாக எத்தனையோ பொருள் சொல்லியிருந்தாலும், சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னதில்லை.

குடும்ப நீதிமன்றத்தில் மின்விசிறிகள் சத்தமில்லாமல் சுற்றின. கதிரேசன் தரப்பில் யாரும் வரவில்லை. மூன்றுமுறை பெயரைக் கூப்பிட்டார்கள், மூன்றுமுறையும் தாழ்வாரத்தில் யாரோ ஒருவர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வயிரவன் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார். ஜெபமணி கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார்: எப்போது போனார், எப்போது கடைசியாகப் பேசினார், நம்பர் எப்போது மாறியது. உமையாள் முன்வரிசையில் கைகளை மடியில் கோத்துக்கொண்டு, அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப உங்க மருமகன் இனிமே திரும்பி வரமாட்டார்" என்றார் ஜெபமணி. "அப்படித்தானே?"

ஜெபமணி கேள்வியை இன்னொருமுறை, கொஞ்சம் மெதுவாக, காது கேட்காதவருக்குச் சொல்வதுபோலச் சொன்னார். வயிரவன் தலைகுனிந்து கூண்டின் மரச்சட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தார். உமையாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

நீதிபதி, நரைத்த தலையை இறுக்கிப் பின்னியிருந்த ஒரு அம்மாள், பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "அய்யா, பயப்படாமச் சொல்லுங்க. உங்க மனசுல என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க. அவர் திரும்பி வருவார்னு நினைக்கிறீங்களா?"

"வருவாரும்மா" என்றார் வயிரவன்.

ஜெபமணி கையிலிருந்த காகிதக் கட்டை மேசைமேல் போட்டார். தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் நிறுத்தினாள்.

"எப்ப வேணாலும் வருவாரு. நல்லாச் சாப்பிட்டு, நல்லாத் தூங்கி, நிதானமா வருவாரு. ஊரே வாசல்ல நின்னு வாங்கன்னு சொல்லும், நானும் பக்கத்துல நின்னு வாழ்த்துவேன்" என்றார் வயிரவன். "அதனாலதாம்மா கேக்குறேன், அதுக்குள்ள சீக்கிரம் முடிச்சுக் குடுத்துருங்க."